அப்பக்கடைப் பலகை

குறை கண்டுபிடிப்பது குணவதியின் குணம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது தப்பு. அது அவள் தொழில். பாயான் பாருவை ஒட்டிய மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். அதில் இருபது வருஷம் லைன் லீடர். நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்வதை நின்றபடியே பார்த்து, யார் கை தடுமாறுகிறது, யார் கை தூங்குகிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. கண்ணுக்கு மட்டும் இன்னும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

அந்தக் கண்ணோடுதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல், பஸ் ஏறி ஜார்ஜ் டவுனுக்குப் புறப்பட்டாள். சம்பந்தியாக வரப்போகிறவரை வேவு பார்க்க. இதை அவள் வேவு என்று சொல்ல மாட்டாள், 'சும்மா அந்தப் பக்கம் போனேன்' என்பாள். பாயான் பாருவிலிருந்து யாரும் சும்மா அந்தப் பக்கம் போவதில்லை.

குணாளன் அவளுடைய தம்பி மகன். தம்பியும் தம்பி மனைவியும் ஒரே கார் விபத்தில் போனபோது அவனுக்கு நாலு வயது. அன்றைக்கு இடுப்பில் தூக்கி வைத்தவள் இறக்கி விடவே இல்லை. தன் கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவாள். இப்போது அவன் பத்து காவான் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அங்கேயே கணக்குப் பிரிவில் இருக்கும் சுபாஷினியை மூன்று வருஷமாக விரும்புகிறான். பெண்ணைக் குணவதிக்குப் பிடித்துப்போனது. பெண்ணின் அம்மாவும் நல்ல மாதிரி. பெரியப்பா ராமசாமி வாய் ஓயாத மனிதர், ஆனால் வஞ்சகம் இல்லாதவர். எல்லாம் சரி, பேசி முடிக்கப் போன ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா மட்டும் வரவில்லை. பெயர் பக்கிரிசாமி. டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் தெருவோரத்தில் அப்பம் போட்டு விற்கிறாராம். கடையை விட்டு வர முடியவில்லையாம்.

"மக கல்யாணத்தவிட அப்பம் பெருசாடா அவருக்கு?" என்று அன்றைக்கே குணாளனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமைதான் அத்தை அவருக்குக் கூட்டம். தூரத்துலருந்து வர்றவங்க ஏமாந்து போவாங்கல்ல."

"ஆளு எப்படி?"

"நீங்களே போய்ப் பாருங்க. நீங்க லைன்ல குறை கண்டுபிடிச்சவங்க. நான் சொன்னா மட்டும் ஒத்துக்குவீங்களா?" என்று சிரித்தான். பையன் எதையோ பைக்குள் வைத்துக்கொண்டு சிரிக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா இல்லாததால் தட்டு வாங்கப் போகிறவள் குணவதி. இது சின்ன விஷயமில்லை. கல்யாணம் ஆகாதவள் என்ற காரணத்தால் சொந்தக்காரர் விசேஷங்களில் அவளைத் தட்டுப் பக்கமே விட்டதில்லை. "நீ சமையலப் பாத்துக்கம்மா, உன்ன மாதிரி யாரு பாப்பா?" என்று சர்க்கரை தடவி ஒதுக்கிவிடுவார்கள். இந்த முறையும் சித்தப்பா வீட்டில் முணுமுணுத்தார்கள். குணாளன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்: "அத்தை வாங்கலன்னா நிச்சயமே வேணாம்." அறுபத்தோரு வயதில் முதல் முறையாக ஒரு மங்கலத் தட்டு அவள் கைக்கு வரப்போகிறது. அது சரியான கையிலிருந்து வரவேண்டும் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு?

கை என்றதும் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும். எதில் விட்டுக்கொடுத்தாலும் இடது கை விஷயத்தில் குணவதி விட்டுக்கொடுக்க மாட்டாள். லைனில் எந்தப் பெண்ணாவது தட்டை இடது கையால் நீட்டினால் வாங்காமல் நின்றுகொண்டிருப்பாள், அந்தப் பெண் கை மாற்றும்வரை. மலாய்க்காரப் பெண்களுக்கு அது சொல்லாமலே தெரியும். சீனப் பெண்கள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். தமிழ்ப் பெண்கள்தான் திட்டு வாங்கினார்கள், தெரிந்தே செய்ததற்காக.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பூட்டிக் கிடந்த ஒரு பழைய கடைவீட்டின் முன்னால் பெரிய குடை, குடைக்குக் கீழே கரி அடுப்பு, அடுப்பைச் சுற்றிப் பதினைந்து இருபது பேர். தேங்காய்ப்பால் வாசனை தெருமுனையிலேயே ஆளைப் பிடித்து இழுத்தது. வரிசை முன்பக்கம் நின்றது. குணவதி முன்பக்கம் போகவில்லை. வேலை செய்கிறவனைப் பக்கத்திலிருந்துதான் பார்க்கவேண்டும், முன்னால் நின்றால் நடிப்பான் என்பது அவள் அனுபவம். குடைக்கம்பும் மாவுப்பானையும் மறைக்கிற இடப்பக்கமாகப் போய் நின்று, "ரெண்டு அப்பம்" என்று கையை நீட்டினாள்.

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கறுத்து மெலிந்த முகம், நெற்றியில் வியர்வையோடு கலைந்த திருநீறு. அவளைப் பார்த்ததும் அந்த முகம் ஏனோ பளிச்சென்று மலர்ந்தது. மடித்து வைத்திருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து அவசரமாக அவள் கையில் கொடுக்க வந்தார். இடது கையால்.

குணவதி கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன தம்பி இது? திங்கிற பொருள நொட்டாங்கையில குடுக்கிறீங்க?" குரல் லைனில் பழகிய குரல், இயந்திரச் சத்தத்தைத் தாண்டி நாற்பது பேருக்குக் கேட்ட குரல். "சோத்துக்கை எங்க போச்சு?"

வரிசையில் இருந்த ஒரு மலாய்ப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஜுரு டவுன்ல போச்சுக்கா," என்றார் அவர். கோபமே இல்லாமல், பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். "ஃபேக்டரி மெஷின்ல. பதினோரு வருஷமாச்சு."

அப்போதுதான் குணவதி பார்த்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளம்தான் இருந்தது. அதில் தோல் பட்டை ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தார். பட்டையின் முனையில் ஒரு இரும்புக் கொக்கி.

பக்கிரிசாமி அந்தப் பொட்டலத்தை அடுப்புக்கு முன்னால் இருந்த ஒரு சாய்வான பலகையில் வைத்து லேசாகத் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு வந்து விளிம்பில் நின்றது.

"தப்பு என்னோடதுதான். பலகையில வச்சிருக்கணும். எடுத்துக்கங்கக்கா, ஆறினா நல்லாருக்காது."

அவள் எடுத்துக்கொண்டாள். காசைப் பலகை ஓரத்து பிஸ்கட் டப்பாவில் போட்டாள். போட்டது எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள். கேட்காமலே திரும்பி நடந்தாள். சாலையைக் கடந்ததும் எதிரே இருந்த காப்பிக்கடையின் முதல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக அவள் தன்னை உணர்ந்ததே இல்லை.

கடைக்காரர் அப்துல் அஜீஸ் கேட்காமலே ஒரு தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், கொண்டுவந்து வைத்தார். நடந்ததை அவரும் பார்த்திருந்தார்.

"குடிங்கக்கா. நீங்க ஒண்ணும் புதுசு இல்ல. மொதல்ல மொதல்ல நெறயப் பேரு அப்படித்தான் கேட்டாங்க."

"வேற யாரும் இப்படிக் கத்தியிருக்க மாட்டாங்க," என்றாள் குணவதி.

அஜீஸ் அதை மறுக்கவில்லை. வியாபாரி என்றாலும் பொய் சொல்லாத மனிதர்.

"கை போயி ஒரு வருசம் வீட்டுல சும்மா இருந்தாரு. அப்புறம் இங்க வந்து அடுப்பு வச்சாரு. அப்பம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கையில வாங்க ஆளுங்க யோசிச்சாங்க. நம்ம ஆளுங்களும் யோசிச்சாங்க, மலாய்க்காரங்களும் யோசிச்சாங்க. இடது கை பாருங்க. ஒரு மாசம் பாத்தாரு. யாருகிட்டயும் கோவப்படல, விளக்கம் சொல்லல. ஒருநாள் அந்தப் பலகையக் கொண்டுவந்து மாட்டிட்டாரு. அன்னிலருந்து யாரு கையிலயும் குடுக்கறதில்ல, யாரு கையிலருந்தும் வாங்கறதில்ல. எல்லாம் பலகை. பத்து வருசத்துல ஒருநாள்கூட மறந்து நான் பாத்ததில்ல. இன்னிக்குத்தான் என்னமோ…"

அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். குணவதி பொட்டலத்தைப் பிரித்தாள். ஓரம் மொறுமொறுவென்றும் நடு பஞ்சுபோலவும் இருந்தது. பாதி கடித்தபிறகுதான் அது ருசியாக இருக்கிறது என்பதே அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்து எதிர்ப்பக்கம் பார்த்தாள். பார்க்க ஆரம்பித்த பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆறு சட்டிகள், ஆனால் மூடிகள் மூன்றே மூன்று. ஏன் என்று முதலில் புரியவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு கவனித்தாள். வெந்த அப்பத்தின் மூடியைக் கொக்கி தூக்குகிறது. இடது கை அகப்பையால் அப்பத்தைச் சுருட்டிக் காகிதத்தில் போடுகிறது. கொக்கியில் தொங்கும் மூடி கீழே இறங்குவதே இல்லை. நேராக அடுத்த சட்டியில், இப்போதுதான் மாவு ஊற்றிச் சுழற்றி வைத்த சட்டியில் போய் உட்காருகிறது. அதற்குள் இடது கை காலியான சட்டியில் மாவை ஊற்றிவிட்டு, காதைப் பிடித்து ஒரே சுழற்று. இரண்டு கை உள்ளவன் மூடியைக் கீழே வைத்து, மறுபடி தேடி எடுத்து, இடையில் மூக்கைச் சொறிந்துகொள்வான். இவரிடம் அந்த வீண் அசைவு ஒன்றுகூட இல்லை. முட்டை கேட்டால் இடது கையே தட்டி உடைத்து ஊற்றியது. காகிதத்தை மடிப்பதற்கு வலது முழங்கை ஓர் ஓரத்தை அழுத்திக்கொள்ள, இடது கை இரண்டு திருப்பில் பொட்டலமாக்கியது. ரப்பர் வளையம்கூட இல்லை. முனையை உள்ளே செருகிவிடுவார்.

இருபது நிமிஷம் பார்த்தாள். ஒரு அப்பம்கூடக் கருகவில்லை, ஒரு மூடிகூடத் தவறி விழவில்லை. தொழிற்சாலையில் இப்படி ஒரு முறையைக் கண்டுபிடிக்க சிங்கப்பூரிலிருந்து கோட்டுப் போட்ட ஆளை வரவழைத்து, மூன்று நாள் கூட்டம் போட்டு, கடைசியில் பிரியாணி சாப்பிட்டுக் கலைந்ததுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. இங்கே ஒரு மனிதர் தெருவில் நின்று, தனியாக, ஒரே கையால் அதைச் செய்திருக்கிறார். செய்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அப்பம் விற்கிறார். லைனில் எத்தனையோ கைகளை அவள் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. பார்த்த அன்றைக்கே அதைத் திட்டியும் ஆகிவிட்டது.

பலகையையும் பார்த்தாள். தலைகுனிந்துகொண்ட அந்த மலாய்ப் பெண்ணின் முறை வந்தது. "பாங், மாச்சாம் பியாசா," என்றாள். அண்ணே, வழக்கம்போல் என்று அர்த்தம். "சியாப், ரோஹானா!" என்றார் அவர், தயார் என்று. பொட்டலம் பலகையில் வழுக்கிக்கொண்டு போய் அவள் கையருகே நின்றது. அவள் எடுத்தாள், டப்பாவில் காசைப் போட்டு மீதியைத் தானே பொறுக்கிக்கொண்டாள். இருவர் கையும் படவில்லை. இருவர் முகத்திலும் சங்கடம் இல்லை. அந்தச் சங்கடத்தை மற்றவர்களுக்கு மிச்சப்படுத்தத்தான் அவர் பலகை போட்டிருக்கிறார். கையை இழந்தவர் அவர். மற்றவர்கள் கூசிப்போகக் கூடாதே என்று கவலைப்பட்டவரும் அவரே.

சாயங்காலம் குணாளன் வேலையிலிருந்து வந்ததும் பாய்ந்தாள்.

"ஏன்டா அவருக்கு ஒரு கை இல்லன்னு சொல்லல?"

"சொல்லியிருந்தா போயிருப்பீங்களா அத்தை? 'ஐயோ பாவம்'னுட்டு இங்கயே உக்காந்திருப்பீங்க. அவரப் பாத்து யாரும் பாவம்னு சொல்லக்கூடாது. அப்பம் போடறதப் பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தேன்."

"எப்படி?"

"மூணே மூடிதான்டா," என்றாள். தான் கத்தியதை மட்டும் சொல்லவில்லை.

புதன்கிழமை மறுபடி பஸ் ஏறினாள், மன்னிப்புக் கேட்க. கடையில் கூட்டம். கூட்டத்தில் கத்தினவள் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்கத் தயங்கினாள். மனித மனசு அவ்வளவுதான். அஜீஸ் கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். வியாழக்கிழமையும் அதே கதை. எழுந்து கிளம்பப் போனபோது அஜீஸ் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அவரு குடுக்கச் சொன்னாருக்கா. நேத்தும் வந்துட்டு வாங்காமப் போனீங்களாம். முட்டை அப்பமாம்."

குணவதி எதிர்ப்பக்கம் பார்த்தாள். பக்கிரிசாமி நிமிரவில்லை. மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே அவள் பஸ்ஸில் வந்தாள். வீட்டுக்கு வந்து தனியாகச் சாப்பிடும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு தன்னையே திட்டினாள்: 'நல்லாத் தின்னு. வாய் மட்டும் இருக்கு உனக்கு.'

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நிச்சயதார்த்தம், காலை வியாபாரம் முடிந்தபிறகு. பெண் வீடு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஏழாவது மாடி. ஒரே ஒரு நாற்காலியைத் தவிர மேசை நாற்காலிகளையெல்லாம் பக்கத்து வீட்டுக்கு மாற்றிவிட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். குணவதி அரக்குப் பட்டுப் புடவை கட்டி, ஒன்பது தட்டுகளோடு வந்து உட்கார்ந்தாள். தன்னைப் பார்த்ததும் அவர் என்ன செய்வார்? இவள்தானா என்று முகம் சுருங்குமா? என் பெண்ணை இந்த வாயிருக்கிற வீட்டுக்கா அனுப்புவது என்று யோசிப்பாரா? அப்படி யோசித்தால் அவளால் ஒரு வார்த்தை மறுத்துப் பேச முடியாது. குணாளன் பக்கத்தில் புதுச் சட்டையில் மினுங்கிக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

பக்கிரிசாமி வந்தார். வெள்ளை ஜிப்பா. வலது கைப்பகுதியை உள்ளே மடித்துக் குண்டூசி குத்தியிருந்தது. கொக்கி இல்லை. எல்லாரையும் பார்த்துத் தலையசைத்து வணக்கம் சொன்னார். குணவதியைப் பார்த்தபோதும் அதே தலையசைப்பு. பிறகு பின்னால் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார். முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் அண்ணன் ராமசாமி.

பேச வேண்டியதை ராமசாமி பேசினார். பேச வேண்டாததையும் பேசினார். முகூர்த்த நாள் வாசித்தார்கள். முதலில் பெண் வீட்டுத் தட்டு கை மாறும், பிறகு மாப்பிள்ளை வீட்டுத் தட்டு. அதுதான் இவர்கள் வழக்கம். வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள், பழம் அடுக்கிய பெரிய வெண்கலத் தட்டை ராமசாமி இரண்டு கையாலும் தூக்கி, "வாங்கிக்கங்க தங்கச்சி" என்று நீட்டினார்.

குணவதியின் கை மடியிலேயே இருந்தது.

"பொண்ணோட அப்பா எங்க?" என்றாள்.

"அவன் இங்கதான் நிக்கிறான். நான் மூத்தவன்லா, நான் குடுத்தா அவன் குடுத்த மாதிரிதான்."

"அவரு குடுக்க மாட்டாரா?"

ராமசாமி தட்டோடு சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திய குரல் கூடத்தின் கடைசிவரை கேட்டது. "அவன்தான் என்னைக் குடுக்கச் சொன்னான். மாப்பிள்ளை வீட்டு அக்காவுக்கு இடது கைன்னா ஆகாதாம், நல்ல காரியத்துல அவங்க மனசு கஷ்டப்படக்கூடாதாம். நீ தூர நின்னாப் போதும்டான்னு நானும் விட்டுட்டேன்."

தூர நின்றால் போதும். 'நீ சமையலப் பாத்துக்கம்மா' என்ற குரல் எத்தனை கல்யாண வீட்டில் தன் காதில் விழுந்தது என்று குணவதிக்குத் தெரியும். அதே காரியத்தை இன்றைக்கு அவளே ஒரு அப்பாவுக்குச் செய்திருக்கிறாள். அதுவும் அவர் மகள் நிச்சயத்தில். அவள் எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றாள். லைன் குரல் வரவில்லை. கிழவிக் குரல்தான் வந்தது. "செவ்வாக்கிழமை இவரு கடைக்கு நான் போனேன். வேவு பாக்கத்தான் போனேன். மரியாதையா கையில குடுக்க வந்தவர, 'சோத்துக்கை எங்க போச்சு'ன்னு கத்தினேன். அத்தனை பேரு முன்னால. மன்னிப்புக் கேக்கணும்னு ரெண்டு நாள் போயிட்டு, தைரியம் இல்லாம அப்பம் தின்னுட்டு வந்தேன். கூட்டத்துல திட்டினத கூட்டத்துலதான் எடுக்கணும். என்னை மன்னிச்சிடுங்க தம்பி. உங்க கை மாதிரி ஒரு கைய நான் முப்பத்தோரு வருஷத்துல பாத்ததில்ல."

குணாளன் வாயைப் பிளந்து அத்தையைப் பார்த்தான். அத்தை யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவன் பார்த்ததே இல்லை. சுபாஷினி அப்பாவைப் பார்த்தாள்.

பக்கிரிசாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அய்யய்யோ, என்னக்கா இது," என்று முன்னால் வந்தார். "தப்பு உங்க பேருல இல்லக்கா. சுபா போன்ல உங்க படத்தக் காட்டியிருக்கு. நீங்க கைய நீட்டினதுமே எனக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு. சம்பந்தி அக்கா நம்ம கடைக்கு வந்துட்டாங்களேன்னு ஒரு சந்தோசம். அந்தச் சந்தோசத்துல பலகையே மறந்துபோச்சு. பத்து வருசத்துல அன்னிக்கு ஒருநாள்தான் மறந்தேன்."

ராமசாமி தட்டோடு எழுந்து நின்றார்.

"அப்ப நீங்களே குடுங்க," என்றாள் குணவதி.

அவர் அண்ணனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ராமசாமி தட்டைத் தம்பியிடம் ஒப்படைக்கத் திணறி, ஒரு நாற்காலியை இழுத்து அதன்மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். பக்கிரிசாமியின் இடது கை பழக்கதோஷத்தில் நாற்காலியோடு அதை அவள் பக்கம் மெல்லத் தள்ளியது. "எடுத்துக்கங்கக்கா," என்றார், கடையில் சொல்வதுபோலவே.

"இன்னிக்குப் பலகை வேணாம் தம்பி. கையில குடுங்க."

"இடது கைக்கா."

"தெரியும். குடுங்க."

பக்கிரிசாமி மனைவியிடம் வலது தோளைக் காட்டினார். அந்த அம்மாள் குண்டூசியைக் கழற்றி ஜிப்பா கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள். இத்தனை பேர் நடுவில் அந்தக் கை வெளியே வந்தது. தோல் பட்டை அழுத்திய தடம், அடுப்பு சுட்ட கறுப்புப் புள்ளிகள், பத்து வருஷத்து வேலையெல்லாம் அதில் இருந்தது. குனிந்து அந்தக் கையைத் தட்டுக்கு அடியில் கொடுத்தார். இடது கையால் விளிம்பைப் பிடித்தார். நிமிர்ந்தார். தேங்காய் ஆடவில்லை. ஒரு வெற்றிலைகூட நழுவவில்லை.

இரண்டு கையாலும்தான் கொடுக்கிறார் என்று குணவதி பார்த்தாள். கேட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் இப்படிக் கொடுத்திருப்பார், யாரும் கேட்கவில்லை. அவள் இரண்டு கையையும் நீட்டித் தட்டைப் பிடித்தாள். பாரமாகத்தான் இருந்தது. அவள் விரல்கள் அவருடைய வலது கையின் முனையில் பட்டன. இருவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"கெட்டியாப் புடிச்சுக்கங்கக்கா," என்றார் பக்கிரிசாமி. அவர் கண் மகளிடம் போய்த் திரும்பியது. "விடுறேன்."

"புடிச்சுக்கிட்டேன் தம்பி," என்றாள் குணவதி. "பயப்படாம விடுங்க."

அப்படியும் அவர் உடனே விட்டுவிடவில்லை.